ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு

ஆம்ப்ளிஃபயர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சுருக்கம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். டபிள்யூ.ஏ.எஃப். தமிழில் விரித்தால் 'மனைவி ஏற்பு அளவு' என்று வரும். அமெரிக்காவின் ஸ்டீரியோஃபைல் இதழில் 1983இல் அச்சேறிய சொல் இது. ஒரு கருவியை வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தால் வீட்டுக்காரி எவ்வளவு தூரம் முகம் சுளிக்காமல் இருப்பாள் என்பதற்கான மதிப்பெண். பெட்டி சிறியதாக, மரப்பூச்சு பளபளப்பாக, ஒயர்கள் கண்ணில் படாமல் இருந்தால் மதிப்பெண் கூடும். வேடிக்கையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் நாற்பது ஆண்டுகள் கழித்தும் அதே வேடிக்கையைச் சலிக்காமல் சொல்கிறார்கள் என்றால் அது வேடிக்கை மட்டும் அல்ல. அந்தச் சுருக்கத்தில் இருக்கும் மனைவிக்குக் கண் உண்டு, காது இல்லை. அவள் பார்ப்பாள், ஆட்சேபிப்பாள், கடைசியில் விட்டுக்கொடுப்பாள். கேட்பாள் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

கீர் கீட்லி என்ற ஆய்வாளர் 1996இல் எழுதிய கட்டுரை ஒன்று, 1948 முதல் 1959 வரையிலான அமெரிக்க ஹை-ஃபை மோகத்தை ஆராய்கிறது. போருக்குப் பின் எழுந்த புறநகர் வீடு பெண்ணின் ஆளுகைக்குள் போய்விட்டதாக நினைத்த நடுத்தர வர்க்க ஆண், ஒலியைக் கொண்டு அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பிடித்தான் என்பது அவர் வாதம். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு பெண் கிறீச்சிடுகிறாள். கணவன் இசை கேட்கிறான், மனைவி சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறாள். இந்தத் துறையின் நிரந்தரக் கேலிச்சித்திரம் இதுதான். அந்தச் சித்திரத்தில் இடம்பெறாத ஒருத்தியைப் பற்றி எழுதுவதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு கேட்கிறவளைப் பற்றி.

நான் இருக்கும் ஊரின் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் ஒருமுறைக்கு இருமுறை கேட்பார்கள். மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில் எட்டயபுரம் தாண்டி வரும் எப்போதும்வென்றான். வினையாலணையும் பெயருக்கு எடுத்துக்காட்டுச் சொல்ல வகுப்பில் வசதியாக இருக்கும். எப்போதும்வென்றாள் என்று ஓர் ஊர் ஏன் இல்லை என்று ஒரு மாணவி கேட்டாள். இலக்கணத்தில் தடையில்லை என்று சொல்லி வைத்தேன்.

இந்தக் கரிசல் காட்டில் ஆம்ப்ளிஃபயர் என்றால் ரேடியோ செட். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, எழவு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதே செட்தான். 1940இல் டெல்லியில் தொடங்கிய ஆகுஜா நிறுவனத்தின் பெட்டிகள் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் சாமிக்கு அடுத்த இடத்தில் இருந்தன. பெட்டியைத் தொடும் உரிமை செட்டுக்கார அண்ணாச்சிக்கும் அவர் கூட வரும் பையனுக்கும் மட்டும்தான். பெண்பிள்ளைகள் கிட்டே போனால் "ஏட்டி, கரண்ட் அடிச்சிரும், அங்கிட்டுப் போ" என்பார்கள். பையன்களுக்கு அடிக்காத கரண்ட் அது.

ஒரு பெண் சடங்கானால் தாய்மாமன் சீருக்கு முன்னால் வந்து சேர்வது ரேடியோ செட்தான். வேப்பமரத்தில் ஒரு குழாய், மொட்டைமாடியில் ஒரு குழாய். ஊருக்கெல்லாம் சேதி போய்விடும். உடம்பில் நடந்த ஒன்றைப் பற்றி அம்மாவிடம் சொல்லவே கூசி நிற்கிற பிள்ளையை உள்ளே ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டு, அவள் பெயரை வெளியே இரண்டு குழாய்கள் வழியே நான்கு திசைக்கும் அனுப்புகிறார்கள். என்ன பாட்டுப் போட வேண்டும் என்று அவளிடம் யாரும் கேட்பதில்லை. அவளைக் கொண்டாடுவதற்கான ஒலியில் அவளுக்குப் பிடித்த ஒரு பாட்டுகூட இருக்காது. ஒலியைக் கூட்டும் பொறி ஒரு பெண்ணின் வாழ்வுக்குள் முதன்முதலாக நுழையும் விதம் எங்கள் பக்கத்தில் இதுதான். அவளைப் பற்றிப் பேசும், அவள் பேச்சைக் கேட்காது. பிறகு அவள் பேச மைக் கிடைப்பது எழவு வீட்டில். ஒப்பாரி சொல்லத் தெரிந்த கிழவி என்றால் கையில் மைக்கைக் கொடுத்துவிடுவார்கள். அழுகையை ஊர் கேட்கலாம். சிரிப்புக்குத்தான் தடை. பொம்பள சிரிச்சா போச்சு, புகையில விரிச்சா போச்சு என்று சொல்லி வைத்திருக்கிறார்களே.

குழாயில் வரும் பெண்குரல் கிறீச்சென்று இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் கிறீச்சிடுவது குரலா குழாயா என்ற கேள்வியை நாம் கேட்டதில்லை. கூம்புக் குழாய்க்கு அடிநாதம் கிடையாது. உச்ச ஒலிகளும் அதில் முழுதாக வராது. நடுப்பகுதியை மட்டும் பிடித்து, அதிலும் மனிதக் காது மிகக் கூர்மையாக உணரும் இரண்டாயிரம் முதல் நான்காயிரம் ஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை நெஞ்சில் குத்துகிற மாதிரி எறியும். மைல் தூரம் போக வேண்டும் என்பதற்காகச் செய்த பொறி அது. ஆண்குரலின் கனம் அதில் வழியிலேயே உதிர்ந்தாலும் கம்பீரம் மிஞ்சுவதாகச் சொல்வார்கள். பெண்குரலின் மென்மை உதிர்ந்தால் மிஞ்சுவதற்குக் 'கத்தல்' என்று பெயர்.

இது குழாயோடு தொடங்கிய கதையும் அல்ல. 1927இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டைன்பெர்க் 'பெண்களைப் புரிந்துகொள்ளுதல்' என்ற பொருள்பட ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார். வானொலியிலும் தொலைபேசியிலும் பெண் பேசுவது ஏன் சரியாகப் புரியவில்லை என்பது அதன் பொருள். பெண்குரலில் மெய்யெழுத்துகளின் அடையாளம் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது, கருவிகளோ அந்த உயரத்துக்குப் போவதில்லை. ஆண் பேச்சு புரிந்தால் போதும் என்கிற அளவில் வெட்டிய பட்டைக்குள் பெண் பேச்சு அடங்கவில்லை. இதைப் பொறியின் குறை என்று எழுதாமல் பெண்களைப் புரிந்துகொள்வதில் உள்ள சிக்கல் என்று தலைப்பிடத் தோன்றியதே, அந்த இடத்தில்தான் எனக்கு வேலை இருக்கிறது. அளவுகோல் ஒருவர் உயரத்துக்குச் செய்யப்பட்டிருக்கும். அடுத்தவர் பொருந்தாவிட்டால் அவர் நெட்டை அல்லது குட்டை.

இத்தனையும் சொன்ன பிறகு, இதற்கு நேர் எதிரானதையும் சொல்லியாக வேண்டும். ஒலிபெருக்கி பெண்களுக்குச் செய்த உதவியை எந்தச் சீர்திருத்தச் சபையும் செய்ததில்லை. மைக் வருவதற்கு முன் நாடக மேடையில் பாடிய பெண், கடைசி வரிசையில் பாய் விரித்துப் படுத்திருப்பவனுக்கும் கேட்கும்படி பாட வேண்டும். கே.பி. சுந்தராம்பாளின் குரல் அப்படி உருவான குரல். அது ஒரு பேராற்றல், ஆனால் எல்லாப் பெண்ணுக்கும் அந்தத் தொண்டை வாய்க்காது. மைக் வந்த பிறகு கத்தாமல் பாடுகிற பெண்ணும் ஆயிரம் பேர் முன்னால் பாட முடிந்தது. 1926இல் பத்து வயதுப் பிள்ளையாக முதல் இசைத்தட்டுக் கொடுத்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் பிற்காலப் புகழை மைக்கையும் தட்டையும் வானொலியையும் தள்ளிவைத்துவிட்டு நினைத்துப் பார்க்க முடியாது. அமண்டா வைட்மன் தென்னிந்திய சாஸ்திரிய இசையில் குரலின் அரசியல் பற்றி 2006இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகப் பேசுகிறார். அவர் அதன் மறுபக்கத்தையும் விடவில்லை. உடம்பை அசைக்காமல், முகம் மாறாமல், தானாக ஊறி வருவதுபோல் பாடும் 'குடும்பப் பெண்' குரலையும் மைக்தான் சாத்தியமாக்கியது. கொடுத்த கையே ஒரு கட்டும் போட்டது.

இதற்கெல்லாம் எனக்குப் பிடித்த சான்று எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. கோவில்பட்டியில் சிலையாக நிற்கும் காருக்குறிச்சி அருணாசலம், 1962இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை படத்தில் 'சிங்கார வேலனே' பாட்டுக்கு நாகஸ்வரம் வாசித்தார். பாடியவர் எஸ். ஜானகி, இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. பாட்டு எல்லோருக்கும் தெரியும். அதில் நடக்கிற அதிசயம் பலர் கவனத்துக்கு வருவதில்லை. நாகஸ்வரம் திறந்தவெளி வாத்தியம். தேர் வீதியில், யானைக்கும் வாணவேடிக்கைக்கும் நடுவில் ஒலிப்பதற்காக உண்டானது. அதற்கு ஆம்ப்ளிஃபயர் தேவையே இல்லை. ஒரு பெண்ணின் தொண்டை அதற்குப் பக்கத்தில் நின்றால் காணாமல் போய்விடும். கோயில் வாசலில் இந்த ஜோடி நிற்க வழியே இல்லை. சத்தத்தாலும் இல்லை, சம்பிரதாயத்தாலும் இல்லை. மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் இருக்கிற இடத்தில் மட்டும்தான் ஜானகி காருக்குறிச்சியோடு ஸ்வரத்துக்கு ஸ்வரம் நிற்க முடியும். ஒலியைப் பெருக்குவது என்றால் சத்தத்தைக் கூட்டுவது என்று நாம் நினைக்கிறோம். இந்தப் பாட்டில் அது இரண்டு பேரை ஒரே உயரத்தில் உட்காரவைக்கிறது.

ஆகவே ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போனபோது இந்தப் பாட்டைத்தான் முதலில் எடுத்துப் போனேன்.

அதற்கு முன், வாங்க வேண்டும் என்று வீட்டில் சொன்னபோது நடந்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காசு என்னுடையது என்பதால் சண்டை வரவில்லை. கேள்வி வந்தது. "ஒனக்கு எதுக்கு இது? செல்போன்லயே கேக்கலாமே?" கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. பெண் பாட்டுக் கேட்பது அவர்களுக்குப் புதிதும் அல்ல. எங்கள் பக்கத்துப் பெண்கள் ஆண்களைவிட அதிகமாகவே பாட்டுக் கேட்டவர்கள். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிக்கொண்டு கேட்டார்கள். உளுந்து புடைத்துக்கொண்டு, மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டு கேட்டார்கள். பெரியம்மாவுக்கு இலங்கை வானொலியில் ராஜேஸ்வரி சண்முகம் பேசினால் போதும், பாட்டே வேண்டாம். கடல் தாண்டி வந்த அந்தத் தமிழை அடுப்பு முன்னால் உட்கார்ந்து, ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள். ஆனால் வைத்த ஊதுகுழலை அடுத்த நிமிஷம் எடுத்துவிடுவாள். கை வேலையில் இருந்தால் காது எங்கே போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

ஹை-ஃபை என்று சொல்லப்படும் இந்த ஏற்பாடு அந்த உடன்படிக்கையை முறிக்கிறது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையே எவ்வளவு தூரமோ, ஏறத்தாழ அதே தூரத்தில் கேட்பவர் உட்கார வேண்டும். சமபக்க முக்கோணம். அதன் மூன்றாவது முனையில் ஒரு நாற்காலி. அதை விட்டு எழுந்து சமையலறைக்குப் போனால் பாடுகிறவர் நடுவில் நிற்கும் தோற்றம் கலைந்துவிடும். ஒலி இருக்கும், அந்த இடம் இருக்காது. அதாவது இந்தப் பொறி வேலை செய்ய வேண்டுமானால் கேட்பவர் வேறு வேலை செய்யக் கூடாது. ஆண்களுக்கு இது நிபந்தனையாகவே தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நாத்தனார் எட்டிப் பார்த்தார்.

"என்ன மதினி, மேலுக்குச் சுகமில்லையா?"

"பாட்டுக் கேக்கேன்."

"கேட்டுக்கிட்டே இந்த வெள்ளப்பூட உரிக்கலாம்லா?"

நல்ல மனசோடு கேட்ட கேள்வி. மடியில் முறம் வந்துவிட்டது. தமிழ் படித்தவள் என்பதால் அந்த நேரத்தில் ஒன்று தோன்றியது. கேள்வன் என்றால் கணவன். அது கேண்மை, கேளிர் என்ற உறவுப் பொருளில் வரும் சொல்தான், காதோடு அதற்குச் சம்பந்தமில்லை. இருந்தாலும் கேட்பதற்கென்று உட்கார்ந்தவன் என்று அந்தச் சொல்லை வேண்டுமென்றே தப்பாகப் படிக்க எனக்கு ஆசை. வீட்டின் ஒரே சாய்வு நாற்காலி யாருடையது என்று நினைத்துப் பாருங்கள்.

மதுரையில் ஒரு கடைக்குப் போனேன். ஒலி கேட்டுப் பார்ப்பதற்கென்று பஞ்சுவைத்துத் தைத்த சுவர்களோடு தனி அறை வைத்திருந்தார்கள். விற்பனைப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், மரியாதையான பையன். "சார் வண்டி பார்க் பண்ணிட்டு வாராங்களா மேடம்?" என்றான். சார் யாரும் இல்லை என்றதும் அரை நிமிஷம் பேச்சு வரவில்லை. பிறகு சமாளித்துக்கொண்டு தன் பட்டியலைப் போட்டுக் காட்டினான். முரசு, வெடி, சினிமாச் சண்டை. கழுத்தெலும்பு அதிர்ந்தது. இந்தத் துறையில் ஒரு பொறியைப் பாராட்டும் மொழியை ஒருநாள் குறித்துவைத்துப் பாருங்கள். பிடி, தசை, ஆதிக்கம், ஸ்பீக்கரை அடக்கி ஆளுதல். தமிழில் சொல்லும்போது மிரட்டுகிறது, தெறிக்கிறது, கிழிக்கிறது. வால்வு ஆம்ப்ளிஃபயர் என்றால் மட்டும் சொற்கள் மாறும். இதம், இனிமை, குழைவு. பெட்டிகளையும் ஆணாகவும் பெண்ணாகவும் பிரித்துத்தான் விற்கிறார்கள்.

மூன்று ஆம்ப்ளிஃபயர்கள், ஒரே ஜோடி ஸ்பீக்கர். இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பது முதல் விதி. அரை டெசிபல் கூடினாலும் காது அதைச் 'சத்தம் கூட' என்று உணராது, 'தரம் கூட' என்று உணரும். கடைகளில் விலை கூடிய பெட்டி ஒரு மயிரிழை சத்தமாக ஒலிப்பது தற்செயல் அல்ல என்று நான் சந்தேகப்படுகிறேன். செல்போனில் ஒலி அளக்கும் செயலியை நாற்காலியில் வைத்து மூன்றையும் சமப்படுத்தச் சொன்னேன். பையனுக்கு அது பிடித்துப்போயிற்று, அவனே சரிசெய்தான். பிறகு 'சிங்கார வேலனே'. நல்ல சத்தத்தில் மூன்றுமே நன்றாக இருந்தன. அந்தச் சத்தத்தில் எது சரி எது சரியில்லை என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

"தம்பி, இன்னும் கொறைங்க."

குறைத்தான்.

"இன்னும்."

"இவ்ளோ கொறச்சா ஆம்ப் தெரியாது மேடம்."

அவன் வாயில் வந்த அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஹை-ஃபை விமர்சனம் என்ற மொத்தத் துறையும் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. சத்தமாக வைத்தால்தான் பொறியின் குணம் தெரியும். அதாவது சத்தமாக வைக்க முடிந்தவனுக்குத்தான் பொறியின் குணம் தெரியும்.

நான் கேட்பது இரவு பத்தரைக்கு மேல். பிள்ளை தூங்கியிருப்பாள், பெரியவர்கள் தூங்கியிருப்பார்கள், அடுத்த அறைக்கும் இந்த அறைக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். பத்துக்குப் பத்தரை அடி அறை, சிமெண்ட் தரை. கோயில் கொடைக்கே இரவு பத்து மணிக்கு மேல் குழாய் கட்டக் கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன, கொடை நடத்துகிறவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. வீட்டுக்குள் ஒரு பெண்ணுக்கு விதி எழுத யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. கை தானாகக் குமிழைக் குறைத்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். நான் வைத்திருக்கும் ஸ்பீக்கரின் திறன் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 88 டெசிபல். வாட்டைப் பத்தில் ஒன்றாக்கினால் பத்து டெசிபல் குறையும். நூறில் ஒன்றாக்கினால் 68 டெசிபல். அது இருவர் பேசிக்கொள்வதைவிடச் சற்றுக் கூடுதல். இரவில் நான் கேட்பது பெரும்பாலும் அதற்கும் கீழே. 60 வாட், 100 வாட் என்று பெட்டியின் முகப்பில் போட்டு விற்கிறார்கள். என் வாழ்க்கை ஒரு வாட்டின் நூறில் ஒரு பங்கிலோ ஆயிரத்தில் ஒரு பங்கிலோ நடந்துகொண்டிருக்கிறது. எனக்கு வேண்டியது அந்தத் துளியில் ஒழுங்காக நடந்துகொள்ளும் பொறி.

அந்தத் துளியில்தான் பொறிகளின் யோக்கியதை தெரிகிறது. வால்யூம் குமிழ் தொடக்க நிலையில், ஏறத்தாழ ஏழு மணி எட்டு மணி முள் நிலையில் இருக்கும்போது, பல குமிழ்களில் இடமும் வலமும் சமமாக இருப்பதில்லை. ஜானகி நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவார். சத்தம் கூட்டினால் சரியாகிவிடும் என்பதால் விமர்சனம் எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. இரண்டாவது விஷயம் டிரான்சிஸ்டர்கள் வேலையைப் பங்குபோடும் விதம். வழக்கமான ஆம்ப்ளிஃபயரில் ஒலியலையின் மேல்பாதியை ஒன்றும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் சுமக்கின்றன. கைமாறும் இடத்தில் சிறு தடுக்கல் வரும். சத்தமான இசையில் அது பெரிய அலைக்குள் முங்கிப்போகும். மெல்லிய இசையில் அலையே சின்னது, ஆகவே தடுக்கல் அதில் பெரிய பங்கு. அன்று கேட்ட மூன்றில் ஒன்றில் ஜானகியின் குரல் தேய்ந்து அடங்கும் இடங்களில் மணல் ஒட்டியதுபோல் இருந்தது. காரணம் இதுவாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். எனக்கு மணல் வேண்டாம். விலை கூடியது அதுதான்.

அடுத்து ராஜேஸ்வரி சண்முகம் பேசிய பழைய ஒலிபரப்பு ஒன்றைப் போட்டேன். சிநேகிதி ஒருத்தி சேர்த்து வைத்திருந்து தந்தது. பாட்டைவிடப் பேச்சு கடுமையான பரீட்சை. பாட்டில் நமக்கு மயக்கம் வந்துவிடும், பேச்சில் வராது. லகரமும் ளகரமும் ழகரமும் மூன்றாக நிற்கின்றனவா, சகரம் சீறாமல் இருக்கிறதா, மூச்சு விடுவது தெரிகிறதா. பையன் முதலில் சிரித்தான். "பேசுறதப் போட்டு யாரும் ஆம்ப் பாத்ததில்ல மேடம்." ஐந்து நிமிஷம் கழித்து, "இந்தம்மா யாரு?" என்றான்.

சத்தம் குறையும்போது இன்னொன்றும் நடக்கிறது, அது பொறியின் குற்றம் அல்ல, நம் காதின் அமைப்பு. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினார்கள். எல்லா ஒலியும் ஒரே விகிதத்தில் குறைவதில்லை. மிக மெல்லிய நிலையில் அடிநாதம் முதலில் காணாமல் போகும். நடுத்தர ஒலி 40 டெசிபலில் காதுக்கு எவ்வளவு தெரிகிறதோ, அந்த அளவுக்கு 100 ஹெர்ட்ஸ் அடிநாதம் தெரிய வேண்டுமானால் அதற்கு 20 டெசிபலுக்கு மேல் கூடுதலாக வேண்டும். இதற்காகத்தான் பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பொத்தான் இருந்தது. பெயர்தான் சத்தம், வேலை சத்தம் குறைவாகக் கேட்பவருக்கானது. அடிநாதத்தையும் மேல் ஒலியையும் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்து, குறைந்த சத்தத்திலும் இசையை முழு உருவத்தில் வைக்கும்.

ஆனால் எண்பதுகளுக்குப் பின் மேல்தட்டு நிறுவனங்கள் பல அந்தப் பொத்தானைத் தூக்கிவிட்டன. சில பேஸ், ட்ரெபிள் குமிழ்களையும் தூக்கிவிட்டன. இங்கிலாந்தின் ரேகா நிறுவனம் பேர்பெற்ற பிரியோ ஆம்ப்ளிஃபயரில் அவை கிடையாது. காரணம் தூய்மை. ஒலிப்பதிவில் உள்ளதற்கும் கேட்பவர் காதுக்கும் நடுவில் எதுவும் குறுக்கே வரக் கூடாது. பொறியியலாக இதில் நியாயம் உண்டு. குறுக்கே வரும் ஒவ்வோர் உறுப்பும் கொஞ்சம் கெடுக்கத்தான் செய்யும். எனக்கு உறுத்துவது அந்தத் தூய்மையின் நிபந்தனை. பதிவு செய்தவர் ஸ்டுடியோவில் எந்தச் சத்தத்தில் கேட்டாரோ ஏறத்தாழ அந்தச் சத்தத்தில் நீயும் கேட்டால்தான் அந்தச் சமநிலை உனக்குக் கிடைக்கும். தனி வீடும் தனி அறையும், 'குறை' என்று சொன்னாலும் கேட்காமல் இருக்கும் அதிகாரமும் உள்ளவனுக்கே தூய்மை வாய்க்கும். குறைத்துக் கேட்பவள் கேட்பது கலப்படம், அவளுக்கு உதவும் பொத்தானும் கலப்படம். பெண்கள் தொடர்பாகத் தூய்மை என்ற சொல் எங்கே வந்தாலும், அதைக் காப்பாற்ற யார் செலவழிக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்துப் பழகிய கண் எனக்கு. இங்கேயும் அந்தக் கணக்கு மாறவில்லை.

நான் வாங்கியது யமஹாவின் ஏ-எஸ்301. அறுபது வாட். விமர்சகர்கள் இதைத் தொடக்க நிலைப் பெட்டி என்று வகைப்படுத்துவார்கள். அதில் லவுட்னஸ் இருக்கிறது, பொத்தானாக அல்ல, வேண்டிய அளவுக்குத் திருப்பிக்கொள்ளும் குமிழாக. பக்கத்திலேயே எல்லாவற்றையும் தாண்டிச் செல்லும் 'பியூர் டைரக்ட்' பொத்தானும் இருக்கிறது. தூய்மை வேண்டும் நேரத்தில் அதை அழுத்திக்கொள்ளலாம், வீட்டில் யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை மாதிரியான நேரத்தில். அந்த மாதிரி ஞாயிறு இதுவரை இரண்டு வந்திருக்கிறது. மின்னழுத்தம் எங்கள் பக்கத்தில் ஏறி இறங்கும் என்பதால் ஒரு ஸ்டெபிலைசர். ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் எதிரொலிக்கும் வெறும் சுவரில் புத்தக அலமாரி. இவ்வளவுதான் செலவு.

மாணவிகளுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வாங்கவே போவதில்லை என்றாலும் ஒருமுறை கேட்டுப் பார்க்கப் போங்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டைக் கொண்டுபோங்கள், ஒரு பெண் பேச்சையும் கொண்டுபோங்கள். வால்யூம் குமிழை நீங்களே திருப்பிக் கேளுங்கள். கரண்ட் அடிக்காது.

வீட்டில் முதல் வாரம் முழுக்க வீணை தனம்மாளைத்தான் கேட்டேன். 1867இல் பிறந்து 1938இல் மறைந்தவர், பாலசரஸ்வதியின் பாட்டி. சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். மைக் கிடையாது. வீணையின் சத்தம் அவ்வளவு மெல்லியது, வந்தவர்கள் இருமக்கூட அஞ்சி உட்கார்ந்திருப்பார்கள். பேர்பெற்ற வித்வான்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறார்கள். தேவதாசி மரபில் வந்த ஒரு பெண், தன் சத்தத்தைக் கூட்டாமல் மற்றவர்கள் சத்தத்தைக் குறைக்கவைத்திருக்கிறார். 1930களில், வயதான காலத்தில், அவர் கொடுத்த தட்டுகள் சில இருக்கின்றன. கரகரப்பு அதிகம். கடையில் அதைப் போட்டிருந்தால் பெட்டி பழுது என்று நினைத்திருப்பார்கள்.

பதினோரு மணிக்கு மேல், லவுட்னஸ் குமிழைப் பாதி திருப்பி வைத்து, முறமும் வெள்ளைப்பூடும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். சாலையில் லாரி போகும் சத்தம் பாட்டைவிடக் கூடுதலாக இருந்தது. கரகரப்புக்கு அடியில் தந்தி. தந்திக்கு அடியில், வாசித்துக்கொண்டே மெல்லப் பாடும் அவர் குரல். குமிழை இன்னும் கொஞ்சம் குறைத்துப் பார்த்தேன். அப்போதும் இருந்தது.